ஜ-வில் ஒரு மூச்சு

சித்திரை பிறந்துவிட்டால் மாதங்கி மாதச் சாமானில் காப்பிப்பொடியை மட்டும் இரட்டிப்பாக வாங்குவாள். வெயில் ஏறி, பிற்பகலில் வடமேற்குப் பக்கம் மேகம் கறுக்க ஆரம்பித்தால் போதும், காளிகாட்டில் மூன்றாம் மாடியில் இருக்கும் அவள் வீட்டுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அத்தனை பேரும் புயல் பித்தர்கள். மொட்டைமாடிக்கு ஏறி வானத்தைப் பார்ப்பார்கள், செல்போனில் ரேடார் படத்தைப் பார்ப்பார்கள், மறுபடி வானத்தைப் பார்ப்பார்கள். பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை காருக்குக் காத்திருப்பதுபோல ஒரு தவிப்பு. மேகம் ஏமாற்றிவிட்டுப் போனால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காப்பி கேட்பார்கள். அடித்துக் கொட்டிவிட்டுப் போனாலோ, தொப்பலாக நனைந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு காப்பி கேட்பார்கள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் அவள் கணவர் ஹரிஷங்கர். வங்கி அதிகாரி. அது வயிற்றுப்பாட்டுக்கு. புயல் பற்றி அவர் பேசுவதைக் கேட்கப் பல ஆயிரம் பேர் செல்போனில் காத்திருக்கிறார்கள். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கம்பெனி குமாஸ்தாவாகக் கல்கத்தா வந்தவர். ஹரிஷங்கர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்தக் காளிகாட் சந்துகளில்தான். பெங்காலி அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி வரும். தமிழ்தான் சில சமயம் தடுக்கும்.

மாதங்கி திருச்சிப் பெண். கல்யாணமாகி வந்த முதல் கோடையில் ஒரு சாயங்காலம், அதிகம் பேசிக்கூடப் பழகாத கணவர் அவள் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "கண்ண மூடிக்கோ. மொதல்ல காத்து செத்துப்போகும். அப்பறம் மண்வாசன. அப்பறம் ஐஸ்பெட்டியத் தொறந்தாப்பல ஒண்ணு மூஞ்சில வந்து அடிக்கும், பயப்படாதே" என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே எல்லாம் வந்தன. வானத்தையே தனக்காக ஒருவர் வரவழைத்துக் காட்டுகிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியதில் தப்பில்லை. அன்றைக்கு ஈரப் புடவையோடு நின்றபோதுதான் அவள் அவரைக் காதலிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாவற்றையும் தாண்டி, அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துக்கொண்டே குடித்தனம் நடத்திவிட்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

இன்றைக்கு வந்திருந்தவன் அஷ்வத். கோயம்புத்தூர்ப் பையன், இங்கே சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கல்கத்தா வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது. புயலைத் துரத்துகிறவர்களுக்கு அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒவ்வொருவராகப் பேட்டி எடுத்துத் தமிழில் ஒலிபரப்புகிறானாம். சோபாவுக்கு நடுவில் சின்ன மைக்கை நிறுத்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் படத்தை வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். ஐலா புயல் அடித்த அன்று பாபுகாட் படித்துறையிலிருந்து ஹரிஷங்கர் எடுத்தது. கங்கை படிகளில் ஏறி நிற்கிறது. ஒரு பெரிய மரம் வேரோடு காற்றில் சாய்ந்து, இன்னும் தரையைத் தொடாமல் இருக்கிறது. அந்த ஒரு படத்தால்தான் அவருக்குப் பேர் வந்தது. பண்டிகைக்குப் பண்டிகை மாதங்கிதான் அதைத் துடைத்து வைப்பாள். துடைக்கும்போது படத்தைப் பார்க்க மாட்டாள். சட்டத்தை மட்டும் பார்ப்பாள்.

ஐலா வந்தபோது அவள் ஊரில் இல்லை. திருச்சியில் அவள் அம்மாவுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குச் சின்னக் குழந்தையை எதற்கு அழைத்துப் போவது என்று மதுவைக் கல்கத்தாவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். மதுவுக்கு அப்போது நான்கு வயது. பெஹாலாவில் வாடகைக்கு இருந்தார்கள். கீழ்வீட்டில் ஷிப்ரா. பெங்காலிகள் அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி மாதங்கியும் அவளைப் பௌதி என்றுதான் கூப்பிடுவாள். பகலில் மது பௌதி வீட்டில்தான் இருப்பாள். அங்கேதான் சாப்பாடு, தூக்கம், பொம்மை எல்லாம்.

அன்று காலை ஹரிஷங்கர் ஆபீஸ் போன பிறகு மதுவுக்கு உடம்பு கொதித்தது. கழுத்தை அசைக்க முடியாமல் குழந்தை அழுதது. பௌதியின் கணவர் சிலிகுரியில் வேலை பார்த்தார். வீட்டில் அவள் ஒருத்திதான். ஹரிஷங்கருக்கு போன் போட்டாள். ஒரே ஒரு தடவைதான் லைன் கிடைத்தது. "தாதா, பீஷொண் ஜொர் எஷேச்சே, தாராதாரி ஆஷுன்" என்றாள். அண்ணா, பயங்கரக் காய்ச்சல் வந்திருக்கிறது, சீக்கிரம் வாருங்கள்.

பெங்காலியில் காய்ச்சலுக்கு ஜொர். புயலுக்கும் ஜொர். மாதங்கியின் காதுக்கு அப்படித்தான். தமிழில் எழுதினாலும் அப்படித்தான். புயல் வருகிறது, சீக்கிரம் வீடு வந்து சேருங்கள் என்று பக்கத்து வீட்டு அக்கறையில் பௌதி சொல்வதாக நினைத்துவிட்டேன் என்றார் ஹரிஷங்கர். வீட்டுக்கு வராமல் ஆற்றங்கரைக்குப் போனார். அதற்குள் ஊரெல்லாம் மரங்கள் விழுந்து, தெருக்கள் அடைத்து, போன்கள் செத்துவிட்டன. அவர் வீடு வந்து சேர்ந்து, குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மறுநாள் விடிந்துவிட்டது. மூளைக்காய்ச்சல். முந்தின நாளே கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். மாதங்கி ரயிலில் அழுதுகொண்டே வந்து சேர்ந்தபோது மது கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்துட்டேன் பாரு என்று கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. வலது காது முழுக்கப் போயிருந்தது. இடது காதில் கொஞ்சம் மிச்சம், மிஷின் வைத்தால்.

ஒரு வார்த்தை செய்த வேலை என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். சொந்தக்காரர்களுக்கு மாதங்கியேதான் சொல்லியிருக்கிறாள். அவர்களும், பாவம் அவர் என்ன பண்ணுவார், இந்த பாஷையே இப்படி, என்றார்கள். வளர்ந்த பிறகு மதுகூட அதைத் தமாஷாக்கிவிட்டாள். "அப்பாவுக்கு ஒரு நிமிஷம் காது கேக்கல. எனக்கு அதுக்கப்பறம் கேக்கல. யாரும் யாரையும் சொல்லிக்க முடியாது" என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

பௌதி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ தெளிவாகச் சொல்லியிருந்தால் என் குழந்தைக்கு இந்தக் கதி வந்திருக்காது என்று மாடிப்படியில் நின்று மாதங்கி கத்தியபோது, பௌதி திகைத்துப்போய், ஒரு மாதிரி சிரித்தாள். இரண்டும் எப்படி ஒன்றாகும், தாதாவுக்குத் தெரியாதா, என்று கேட்டாள். மாதங்கியின் கையை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் வைத்து எதையோ சொல்லிக் காட்டப் பார்த்தாள். மாதங்கி கையை உதறினாள். என் பெண் செவிடாகிக் கிடக்கிறாள், நீ எனக்கு இலக்கணம் சொல்லித் தருகிறாயா என்று கேட்டாள். இன்னும் என்னென்னவோ கேட்டாள். பெங்காலியில் வார்த்தை வராதபோது தமிழில் கேட்டாள். ஹரிஷங்கர் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் உடைந்துபோயிருக்கிறார் என்று மாதங்கி நினைத்தாள். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு காளிகாட் வந்துவிட்டார்கள். பௌதி வாசல்வரை வந்து, மதுவின் பொம்மை ஒன்றைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. புயலைப் புயல் என்பார்கள், காய்ச்சலை ஜுரம் என்பார்கள்.

அடுக்களையில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. ஹாலில் அஷ்வத் கேட்பது காதில் விழுந்தது.

"சார், இங்க புயலுக்கு ஜொர்னுதானே சொல்றாங்க? அதையே தலைப்பா வெச்சுரலாம்னு பாக்கறேன். நம்ம பக்கம் ஜோர்னா பிரமாதம்னு அர்த்தம். ரெண்டுக்கும் பொருந்தும்."

ஹரிஷங்கர் வாய்விட்டுச் சிரித்தார். "ஆரே, நீ சொன்னது காய்ச்சல்ப்பா. காய்ச்சல்னு பேர் வெச்சா எவன் கேப்பான்?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே சார்?"

"ஒண்ணா? கைய வாய்க்கு முன்னாடி வெச்சுக்கோ. ம். இப்ப சொல்லு, ஜொர். கைல ஏதாவது பட்டுதா? படாது. அது காய்ச்சல். இப்ப நெஞ்சுலேர்ந்து ஊது. ஜ-வுல ஒரு மூச்சு இருக்கணும், கடசில நாக்கு மடங்கணும். ஜ்ஹொர். காத்து கைல அடிச்சுதா? அதான் புயல். வார்த்தைக்குள்ளயே காத்து இருக்கு பாத்தியா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பேசுகிறவருக்குச் சூடு பிடித்துவிட்டது. எதிரில் கண்ணை விரித்துக்கொண்டு ஒரு இளவட்டம் வேறு. உங்களுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றுதானே கேட்டாய், சொல்கிறேன் கேள், என்று ஆரம்பித்தார். மற்ற பேட்டிகளில் எல்லாம் அவர் சொல்வது, சின்ன வயதில் பார்த்த வெள்ளத்தைப் பற்றி. இது மாதங்கியே கேட்காத கதை.

நாலாவது படிக்கும்போது வகுப்பில் ஜன்னலோரம் அவர் இடம். ஒரு மத்தியானம் வானம் மைக்கூடு கவிழ்ந்த மாதிரி இருண்டு வந்தது. சந்தோஷம் தாங்காமல் எழுந்து, சார் ஜொர் வருகிறது என்று கத்தினார். வாத்தியார் மெதுவாக நடந்து வந்து, அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, எங்கே, சூடே இல்லையே, என்றார். வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அன்று முதல் அவருக்குக் காய்ச்சல் மதராஸி என்று பேர். பையன்கள் வழியில் மறித்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்த வருஷக் கோடை முழுக்க, மேகம் ஏறினால் போதும், அவர் மாடிக்கு ஓடிவிடுவார். காற்றுக்கு எதிராக நின்று, வாய்க்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையைக் கத்திக் கத்திப் பழகுவார். கடைசியில் ஒரு நாள் தகரமெல்லாம் பறக்கிற காற்றில் அது சரியாக வந்தது.

"புயல்தான் எனக்கு அதச் சொல்லிக் குடுத்துது. அன்னிக்குப் பிடிச்சது விடல. அன்னிலேர்ந்து அந்த ரெண்டு வார்த்தையும் எனக்குக் கலந்ததே கெடையாது. தூக்கத்துல காதுகிட்ட வந்து சொன்னாக்கூட எதுன்னு சொல்லிடுவேன்."

அஷ்வத் சிரித்தான். ஹரிஷங்கரும் சிரித்தார்.

அடுக்களையில் மாதங்கி டபராவை மேடையில் வைத்தாள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோனாள். ஜொர் என்றாள். கையில் ஒன்றும் படவில்லை. நெஞ்சிலிருந்து ஊதிச் சொல்லிப் பார்த்தாள், வரவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாவதோ நான்காவதோ தடவை உள்ளங்கையில் சூடாக ஒரு காற்று வந்து மோதியது. இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட அவள் இதை முயன்று பார்த்ததில்லை. இந்த ஊரிலேயே பிறந்தவர் எப்படித் தவறாகக் கேட்டிருப்பார் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. யோசிக்காமல் இருப்பது அவளுக்குத் தேவையாக இருந்தது.

காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அஷ்வத் பிரமாதம் மாமி என்றான். ஹவுராவில் ஆற்றங்கரையிலிருந்து மேகத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று அவசரமாகக் குடித்துவிட்டு, மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவன் போன திசையை ஹரிஷங்கர் கொஞ்சம் பொறாமையோடு பார்த்துவிட்டு, காமிராவையும் அதன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

கொடியில் துணி இருந்தது. மாதங்கியும் ஏறினாள்.

காற்று செத்துப்போயிருந்தது. கோயில் பக்கத்துக் காக்கைகள் எல்லாம் எங்கோ போய் ஒண்டிவிட்டன. ஹரிஷங்கர் முக்காலியின் கால்களை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் துணியை எடுக்காமல் அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அன்னிக்கு பௌதி என்ன சொன்னா?"

"எந்த பௌதி?" என்றார் அவர், முக்காலியைப் பார்த்துக்கொண்டே. அவர்கள் வாழ்க்கையில் இன்னொரு பௌதி இருந்ததில்லை.

"அவ சொன்ன ஜ-வுல மூச்சு இருந்துதா, இல்லையா?"

அவர் நிமிர்ந்தார். அவள் உள்ளங்கை வாய்க்கு முன்னால் இருப்பதைப் பார்த்தார். லைன் சரியாக இல்லை என்று சொல்லியிருக்கலாம், காற்றிரைச்சல் என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஏதாவது சொல்லட்டும் என்றுதான் மாதங்கியும் நின்றாள். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், பழகிப்போயிருந்தது.

"கொழந்தேன்னா ஜுரம் வராதா மாதங்கி" என்றார் அவர் கடைசியில். "சாயங்காலம் போய் டாக்டர்ட்ட காட்டிக்கலாம்னு நெனச்சேன். பௌதிதான் கூட இருக்காளேன்னு. இப்படி ஆகும்னு யார் கண்டா?"

"அப்ப தெரியும்."

அவர் மேகத்தின் பக்கம் திரும்பினார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, அந்த மாதிரி ஒன்று வாழ்நாளில் ஒரு தரம்தான் வரும் என்றார். ஆபீஸ் ஜன்னலிலிருந்தே தெரிந்துவிட்டது என்றார். படித்துறையில் காற்று ஆளைத் தள்ளியது, கங்கை தலைகீழாக மேல்நோக்கிப் போனது, அந்த மரம் அப்படியே தூக்கி... சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. முகத்தில் அந்த நாலாம் வகுப்புப் பையன் எட்டிப்பார்த்தான். இத்தனை வருஷம் யாரிடமும் முழுசாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்த சந்தோஷம் அது. மாதங்கிக்கு அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

"நான் அவள அவ்வளவு பேச்சு பேசினேன். நீங்க பக்கத்துலயே நின்னேள்."

"சொல்லியிருந்தா நீ இருந்திருப்பியா எங்கிட்ட?"

அவள் யோசித்தாள். இருந்திருப்பாள் என்றுதான் தோன்றியது. அழுது, சண்டை போட்டு, அப்பா வீட்டுக்குப் போய், மதுவுக்காகத் திரும்பி வந்திருப்பாள். கணவனை மன்னிக்கிற அளவுக்கு அவளுக்கு அப்போது அவர் மேல் பிரியம் இருந்தது. அந்தப் பிரியத்தை அவர் ஒரு தடவைகூட நம்பவில்லை. நம்பாமல், ஊர் முழுக்கச் சொல்லும்படி ஒரு பொய்யை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் அதைச் சுமந்துகொண்டு திரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடிக் கம்பத்தில் மாட்டியிருந்த அவர் போன் ஒலித்தது. மது. சென்னையில் படிக்கிறாள், கல்கத்தா ரேடார் படத்தை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பாவும் பெண்ணும் சேர்ந்து பார்க்காமல் எந்தப் புயலும் போனதில்லை. மிஷினைக் கழற்றிவைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்து இடியை உள்ளங்கையால் கேட்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எட்டு வயதில் அதை முதல்முறை கேட்டுவிட்டு மது சிரித்த சிரிப்பை மாதங்கி மறக்கவே இல்லை. அது பாசமா, பரிகாரமா என்று இனிமேல் யார் பிரித்துச் சொல்ல முடியும்?

ஹரிஷங்கர் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். பேசுகிறவர் முகம் தெரிந்தால்தான் மதுவுக்கு முழுசாகப் புரியும். பாதியை மிஷின் கேட்கும், மீதியை அவள் உதட்டில் படிப்பாள்.

"அப்பா, பக்கத்துல வந்துடுத்தா? காட்டு" என்றது மதுவின் தட்டையான, உரத்த குரல். உடனே, "அம்மா ஏன் பின்னாடி அப்படி நிக்கறா? மூஞ்சி ஏன் அப்படி இருக்கு? யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர். பகலெல்லாம் நாக்கில் புரண்ட வார்த்தை தானாக வந்து விழுந்தது. "ஜ்ஹொர். பெரிய ஜ்ஹொர் வரது."

மது கண்ணைச் சுருக்கினாள். "எது? காய்ச்சலா, புயலா? எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதாம்ப்பா தெரியறது. ஒதட்டுல வித்தியாசமே இல்ல."

ஹரிஷங்கர் போனைத் திருப்பி வானத்தைக் காட்டினார்.

மாதங்கி பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இப்போது மேகம் மட்டும் இருந்தது. எங்கேப்பா, முகத்தைக் காட்டு, நீ பேசறது புரியலே, என்று மது கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கை நடுங்காமல், அழகாக, மேகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை காட்டிக்கொண்டு போனார்.

மாதங்கி போய் அவர் கையிலிருந்து போனை எடுத்தாள். அவர் ஒரு கணம் விடவில்லை. "வேண்டாம் மாதங்கி" என்றார். "கூடச் சேந்து புயல் பாக்க அவளுக்கு இருக்கறது நான் ஒருத்தன்தான்."

"பௌதிய நம்பறதுக்கும் நான் ஒருத்திதான் இருந்தேன்" என்றாள் அவள்.

படிக்கட்டுக் கதவுக்கு மேலே ஒரு விளக்கு உண்டு. சுவிட்சைப் போட்டு, அந்த வெளிச்சத்தில் முகம் தெரிகிற மாதிரி நின்றாள். முதல் காற்று வந்து கதவை அறைந்தது. கொடியில் இருந்த துணிகள் எல்லாம் ஒரே பக்கம் எழுந்து நின்றன. வாயில் வந்து விழுந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

"மது, இங்க பாரு. என் வாயையே பாத்துண்டு இரு" என்றாள் நிதானமாக. "பெஹாலால நம்ம கீழ்வீட்டுல ஷிப்ரா பௌதின்னு ஒருத்தி இருந்தா. அவ சரியாத்தான் சொன்னா."